இளையோர் நாவலில் கதை சொல்லும் பெண்: அவளை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண்ணைக் கதைசொல்லியாக வைத்து நான் எழுதிய முதல் வரைவை, கிட்டத்தட்ட அதே வயதில் இருந்த ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இவளுக்குக் கோபமே வராதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் நாயகி புத்திசாலி, துணிச்சல்காரி, எல்லாருக்கும் ஓடி ஓடி உதவுகிறவள். ஆனால் அந்த 40 பக்கத்தில் அவள் எதையும் தன் கண்ணால் பார்க்கவே இல்லை, நான் பார்த்ததை அவள் வாயில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எழுதிக் கிழித்த வரைவுகளிலிருந்து எனக்குத் தெளிவானது இதுதான்: கதைசொல்லி வாசகருக்குப் பிடித்துப்போவது அவள் உலகத்தைப் பார்க்கிற விதத்தால். குணம், அழகு, வீரம் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தப் பார்வையை எப்படி உண்டாக்குவது, எப்படிக் கடைசிவரை கைநழுவாமல் வைத்திருப்பது என்பதைப் பற்றியவை. எல்லாப் படிக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 16 வயதுப் பெண், கால்பந்து அணியில் கோல்கீப்பர், அவளுடைய அக்கா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பெயர்கூட இப்போதைக்கு வேண்டாம்.

படி 1: எங்கே நின்று சொல்கிறாள், யாரிடம் சொல்கிறாள்?

பெயர், உயரம், தலைமுடி, பிடித்த நிறம் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். நடந்தது நடந்து எவ்வளவு நாள் கழித்து இவள் பேசுகிறாள்? ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் சம்பவங்கள் ஒரு சிறுமிக்கு நடக்கின்றன, ஆனால் பல வருடம் கழித்து, வளர்ந்த பெண்ணாகத்தான் அவள் அவற்றைச் சொல்கிறாள். அது அந்த நாவலின் அழகு. இளையோர் நாவலுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் ஒத்துவராது. உங்கள் வாசகருக்கு ஏறக்குறைய 12 முதல் 18 வயது, அவர் அதே குழப்பத்தின் நடுவில் நிற்கிறார், "அன்று எனக்கு அறியாத வயது, பிறகுதான் புரிந்தது" என்று ஒரு பெரியவர் மேலே நின்று பேசினால் புத்தகத்தை மூடிவிடுவார். ஒரு வாரம், ஒரு பருவம், அதிகபட்சம் ஒரு வருடம் என்று இடைவெளியைச் சுருக்குங்கள். காயம் இன்னும் ஆறியிருக்கக் கூடாது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. வேறு மொழி இளையோர் நாவல்கள் பல நிகழ்காலத்தில் ஓடுவதைப் பார்த்துத் தமிழிலும் அப்படியே செய்ய ஆசை வரும். ஓடுகிறேன், திறக்கிறேன், பார்க்கிறேன் என்று ஒவ்வொரு வாக்கியமும் 'கிறேன்' என்று முடியும்போது நாலு பக்கத்தில் காது சலித்துவிடும். இறந்தகாலத்தில் எழுதி, மூச்சு நின்றுபோகும் கணங்களுக்கு மட்டும் நிகழ்காலத்துக்குத் தாவுவது தமிழில் நன்றாக வரும் என்பது என் அனுபவம்.

யாரிடம் சொல்கிறாள் என்பதும் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், தன் நாட்குறிப்பை 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாக எழுதினாள், அந்த ஒரு பெயர் முன்னால் இருந்ததால் அவள் குரலில் வந்த நெருக்கத்தைக் கவனியுங்கள். உங்கள் கோல்கீப்பர் பொதுவாக உலகத்திடம் பேசுகிறாளா, போய்விட்ட அக்காவிடம் பேசுகிறாளா? அக்காவிடம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குற்றச்சாட்டும் ஒரு கெஞ்சலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: அவளுக்கு மட்டும் உரிய பார்வையைக் கொடுங்கள்

பொழுதுபோக்கு வேறு, பார்வை வேறு. "அவளுக்குக் கால்பந்து பிடிக்கும்" என்பது தகவல். கோல்கீப்பராக இருப்பது அவள் மனிதர்களைப் பார்க்கும் முறையையே மாற்றியிருந்தால் அது பார்வை. பெனால்டியில் பந்து 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, பின்னால் 7.32 மீட்டர் அகலக் கோல். அடித்த பின் பார்த்துப் பாய்ந்தால் நேரம் போதாது. அதனால் அடிக்கிறவரின் கண்ணை நம்பாமல், உதைக்காத கால், அதாவது ஊன்றும் கால், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கப் பழகுகிறார்கள். சரி, இதே பெண் வீட்டுக்கு வந்தால் என்ன பார்ப்பாள்?

"எனக்கு ஒன்றும் கவலையில்லை, வந்துவிடுவாள் என்றார் அப்பா. அவருடைய எடை முழுக்க இடது காலில் இருந்தது. வலது கால் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது."

அப்பா பயந்துபோயிருக்கிறார், தேடிப் போகப்போகிறார் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் வாசகருக்கு அப்பாவும் தெரிந்துவிட்டார், அவளும் தெரிந்துவிட்டாள். இந்தப் பெண் முகங்களை நம்புவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது, அது பின்னால் கதைக்கு உதவும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்யும் பயிற்சி ஒன்று. பெரிய செய்தி வந்த ஐந்து நிமிடத்தில் அந்த அறைக்குள் அவளை நிறுத்துங்கள், அவள் பார்ப்பது, கேட்பது, முகர்வது என்று பத்து விஷயங்கள் எழுதுங்கள். அப்புறம் யார் நின்றாலும் கவனித்திருப்பார்கள் என்று தோன்றுவதையெல்லாம் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அந்த மூன்றுதான் உங்கள் கதைசொல்லி. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இன்னும் அவளை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், முதல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள்.

படி 3: அவள் எதைச் சொல்லாமல் தவிர்க்கிறாள்?

வெளிப்படையாக அவளுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும்: அக்காவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் அடியில் ஒன்று மறைந்திருக்க வேண்டும்: அக்கா கிளம்பிய இரவு இவள் விழித்துத்தான் இருந்தாள். பையை எடுத்ததைப் பார்த்தாள், தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற கருத்துக்கு விமர்சகர் வெய்ன் பூத் 1961-இல் பெயர் வைத்தார். அதைக் கேட்டதும் பலர் பொய் சொல்லும் கதைசொல்லி என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இளையோர் நாவலுக்கு அதைவிடப் பொருத்தமான வகை ஒன்று உண்டு. அவள் பொய் சொல்வதில்லை, அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறாள். அந்த இரவைப் பற்றி யாராவது கேட்டால் சட்டென்று கையுறையின் தையல் பிரிந்ததைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். மூன்றாவது தடவை அவள் கையுறைக்குத் தாவும்போது கவனமான வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

இதில் ஏமாற்று வேலை கூடாது. 200 பக்கம் எந்தத் தடயமும் விடாமல் இருந்துவிட்டுக் கடைசியில் "உண்மையில் நான் அன்று விழித்திருந்தேன்" என்று போட்டால் வாசகருக்கு முதுகில் குத்திய உணர்வு வரும். திரும்பப் படிக்கிறவருக்கு எல்லாம் முன்பே கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும்.

படி 4: குரல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் தமிழ் இங்கே நமக்கு அள்ளிக் கொடுக்கிறது.

முதலில் மரியாதை விகுதி. "அம்மா சொன்னாள்" என்று எழுதுகிறாளா, "அம்மா சொன்னார்" என்று எழுதுகிறாளா? அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்' என்று அவள் பிரித்து வைத்திருந்தால் அந்த வீட்டைப் பற்றி ஒரு அத்தியாயம் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒன்று செய்யலாம்: பயிற்சியாளரை 150 பக்கம் 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் பொய் சொன்னது தெரிந்த பக்கத்திலிருந்து எந்த விளக்கமும் இல்லாமல் 'அவன்' என்று மாற்றட்டும். ஒரு வரி கோபம்கூட எழுத வேண்டியதில்லை. ஆனால் மற்ற இடங்களில் கவனக்குறைவாக 'ஆர்', 'ஆள்' கலந்துபோயிருந்தால் இது எடுபடாது, அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'ஆம்'. போனாளாம், சொன்னாராம், தெரியுமாம். கேள்விப்பட்டது, தனக்கு நம்பிக்கையில்லாதது, தான் பொறுப்பேற்காதது எல்லாவற்றையும் இந்த ஒரு சின்ன ஒட்டு சுமந்துவிடும். ஒரே செய்தியை இரண்டு விதமாகப் பாருங்கள்.

"அக்கா சென்றுவிட்டாள் என்பதை அறிந்தபோது என் இதயம் நொறுங்கியது."

"அக்கா போய்விட்டாளாம். காலையில் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியுமாம்."

முதலாவதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இதயம் நொறுங்காத கதாபாத்திரம் எந்தக் கதையில் இருக்கிறது? இரண்டாவதில், தனக்குத் தெரிந்த விஷயத்தையே அவள் ஊர்ப்பேச்சுபோலச் சொல்கிறாள். 'தெரியுமாம்' என்ற அந்த விநோதம் முதல் வாசிப்பில் லேசாக உறுத்தும், படி 3-இல் சொன்ன ரகசியம் வெளியே வந்த பிறகு வலிக்கும். தான், கூட, போய், பாவம் போன்ற சொற்களையும் இப்படியே சோதித்துப் பாருங்கள். ஒருத்திக்கு 'தான்' அதிகம் வரும், இன்னொருத்தி எதையும் 'போலிருக்கிறது' என்று இழுத்து முடிப்பாள். இரண்டு பழக்கங்கள் போதும், ஐந்து வைத்தால் நடிப்பாகிவிடும்.

கதையோட்டம் எழுத்துத் தமிழிலா, பேச்சுத் தமிழிலா என்று கேட்பார்கள். முழுக்கப் பேச்சிலேயே எழுதலாம், கடினம், கண் தடுக்கும். உரையாடலைப் பேச்சிலும், அவள் சொல்லும் பகுதியை எளிய எழுத்துத் தமிழிலும் வைத்துக்கொண்டு, அவளுடைய சின்னச் சின்ன ஒட்டுகளையும் சொல்வழக்குகளையும் அதில் நுழையவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இன்றைய இளசுகளின் வார்த்தைகளைத் தேடிப் பிடித்துத் திணிக்கவே வேண்டாம். நாவல் அச்சாகி வருவதற்குள் அவை பழசாகியிருக்கும், அந்த வயதுக்காரர்கள் அதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இளமை வார்த்தையைவிட வேகத்தில்தான் அதிகம் தெரிகிறது. ஒரு எண்ணத்தை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவுவது, நீளமாக ஓடிவந்து சட்டென்று இரண்டு சொல்லில் நிற்பது, தான் சொன்னதைத் தானே மறுப்பது.

அவள் வாயாடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலின் கதைசொல்லி ஒரு பயங்கரத்துக்குப் பின் வெளியே ஏறக்குறையப் பேசுவதையே நிறுத்திவிட்ட பள்ளி மாணவி. ஆனால் உள்ளே அவள் கூர்மையாக, கசப்பாக, பல இடங்களில் சிரிப்பு வரும்படி பேசிக்கொண்டே இருக்கிறாள். அமைதியான பெண்ணை எழுத ஆசைப்படுகிறவர்கள் வெளிப்பேச்சுக்கும் உள்பேச்சுக்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

படி 5: கண்ணாடியைக் கழற்றி வையுங்கள்

கண்ணாடி முன் நின்று தன் அகன்ற விழிகளையும் நீண்ட கூந்தலையும் வர்ணிக்கும் காட்சி வேண்டாம். தன்னைப் பற்றி யாரும் அப்படி யோசிப்பதில்லை. அந்தக் காட்சியில் அவள் பார்க்கிறவளாக இருப்பதை விட்டுவிட்டு, யாரோ தூரத்தில் நின்று பார்க்கிற பொருளாக மாறிவிடுகிறாள், அதுவும் அவள் வாயாலேயே. ஆண் எழுத்தாளர்களிடம் இதை நான் அதிகம் பார்க்கிறேன், ஆனால் பெண்கள் எழுதியதிலும் இல்லாமல் இல்லை.

உடலை எழுதவே கூடாது என்று சொல்லவில்லை, உள்ளேயிருந்து எழுதுங்கள். தரையில் விழுந்து விழுந்து இடுப்பில் தோல் வழண்டது, மாதவிடாய் நாளில் அடிவயிறு இழுத்துப் பிடிக்க ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தைக் கடத்தியது, ஒரே வருடத்தில் உயரமாகிவிட்டதால் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. அந்த வயதில் உடல் தினமும் புதிதாக ஏதாவது செய்கிறது, அதைச் சங்கடமில்லாமல், அலங்காரமில்லாமல் சொல்லும் ஒரு குரலுக்காக வாசகிகள் காத்திருக்கிறார்கள். அவளைப் பிறர் பார்ப்பதையும் எழுதலாம், எழுத வேண்டும்: தன்மீது விழும் பார்வையை அவள் உணரும் கணம், அப்போது தோளைக் குறுக்கிக்கொள்கிறாளா, திரும்பி முறைக்கிறாளா, பேச்சை மறந்துவிடுகிறாளா என்பது.

படி 6: அவள் தப்புச் செய்யட்டும், கோபப்படட்டும்

1973-இல் பாலா ஸ்மித் என்பவர் ஒரு ரசிகர் இதழில் 'மேரி சூ' என்ற குட்டிக் கதாபாத்திரத்தை எழுதினார். பதினைந்தரை வயது, எல்லாம் தெரியும், எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். குறையே இல்லாத நாயகிகளைக் கிண்டல் செய்ய எழுதியது, அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பிற்பாடு எந்தத் திறமைசாலிப் பெண்ணையும் மட்டம் தட்ட அது பயன்பட்டது எனக்கு வருத்தம்தான். திறமை குறையே கிடையாது. உங்கள் பெண் அபாரமான கோல்கீப்பராக இருக்கட்டும். அவள் தவறும்போது அதற்கு விலை இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

"கொஞ்சம் அவசரக்காரி", "அடிக்கடி தடுக்கி விழுவாள்" என்பதெல்லாம் யாருக்கும் வலிக்காத குறைகள். நிஜக் குறை இன்னொருவரைக் காயப்படுத்தும். இந்தப் பெண் எல்லாருடைய காலையும் படித்துவிடுகிறவள், அதனாலேயே தான் நினைத்தது எப்போதும் சரி என்று நம்புகிறவள். நெருங்கிய தோழிக்கு அக்கா இருக்குமிடம் தெரியும் என்று அவளாக முடிவு செய்துகொண்டு, எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்கிறாள். தப்பு. தோழிக்கு ஒன்றுமே தெரியாது, அவள் தடுமாறியதற்குக் காரணம் வேறு. அவளுடைய பலமே அவளைக் கவிழ்க்கிறது பாருங்கள், இப்படி அமைந்தால் குறை தனியாக ஒட்டவைத்ததுபோல் தெரியாது. அடுத்த இரண்டு அத்தியாயம் அந்த நட்பு முறிந்தே இருக்கட்டும். ஒரு மன்னிப்பில் ஒட்டவைத்துவிடாதீர்கள்.

கோபத்துக்கு வருகிறேன். அப்பாவி, பொறுமைசாலி, எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறவள் என்று எழுதினால்தான் வாசகருக்குப் பிடிக்கும் என்று நமக்குள் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வயதில் எவ்வளவு கோபம் இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அக்கா மேல் கோபம், அக்காவைப் பற்றி மட்டுமே பேசும் அம்மா மேல் கோபம், போட்டிக்கு யாரும் வராததற்குக் கோபம், இந்த நேரத்தில் போட்டியைப் பற்றி நினைக்கிறோமே என்று தன்மேலேயே கோபம். நியாயமில்லாத கோபத்தையும் விடுங்கள், நியாயம் பார்த்து வரும் கோபம் பாதிக் கோபம்தான்.

படி 7: மற்றப் பெண்களைத் தாழ்த்தி இவளை உயர்த்தாதீர்கள்

"நான் மற்ற பெண்களைப் போல இல்லை, எனக்கு அலங்காரமெல்லாம் பிடிக்காது" என்ற வரி உங்கள் வரைவில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். படிக்கப்போகிறவர்களில் பலர் அந்த மற்ற பெண்கள். அணியில் இவளுக்கு எதிரி ஒருத்தி இருக்கட்டும், அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கட்டும்.

படி 8: கதை இவள் செய்ததால் நகர வேண்டும்

தன்மையில், அதாவது 'நான்' என்று சொல்லி எழுதும்போது வரும் பெரிய ஆபத்து, கதைசொல்லி வெறும் கேமரா ஆகிவிடுவது. நன்றாகப் பார்க்கிறாள், அழகாகச் சொல்கிறாள், ஆனால் எல்லாவற்றையும் வேறு யாரோ செய்கிறார்கள். பார்வைக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கச் சொன்ன நானே இந்தக் குழியில் பலமுறை விழுந்திருக்கிறேன், அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரி எழுதிவைக்கிறேன்: "இவள் _____ செய்ததால் _____ மாறியது." நிரப்ப முடியாத அத்தியாயம் தொடர்ந்து இரண்டு வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

பெரியவர்கள் வந்து பிரச்சினையைத் தீர்த்துவைக்கக் கூடாது. அவர்கள் உதவலாம், அன்பாக இருக்கலாம், ஆனால் கடைசிக் கதவை இவள்தான் திறக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது அக்காவைக் கண்டுபிடிப்பதுகூட இல்லை. அன்று இரவு விழித்திருந்தேன் என்று அம்மாவிடம் சொல்வது. அதை அவளைத் தவிர யாராலும் செய்ய முடியாது.

காதல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், அவன் வந்ததும் இவள் பார்வை மங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஊன்றும் காலையும் அவள் கவனிக்கத்தான் செய்வாள்.

படி 9: சோதித்துப் பாருங்கள், மறுபடி எழுதுங்கள்

நாவலில் சேர்க்காத மூன்று பக்கம் அவளைப் பேசவிடுங்கள். மழையில் ரத்தான பயிற்சி, தொலைந்த செருப்பு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும். சத்தமாக வாசியுங்கள், உங்கள் குரல் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று காதுக்கு உடனே தெரியும். அப்புறம் அந்த வயதுப் பெண்கள் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள், பிரயோஜனமில்லை. எங்கே படிப்பதை நிறுத்தத் தோன்றியது, எந்த வரியை இவள் சொல்லியிருக்கவே மாட்டாள், இவள் உங்கள் வகுப்பில் இருந்தால் பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "மாட்டேன், ஆனால் அவளையே கவனித்துக்கொண்டிருப்பேன்" என்று வந்தாலும் சந்தோஷப்படுங்கள்.

மறுபடி எழுதினால் குரலின் இயல்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப் பிறகு சேகரிக்க வேண்டும் என்று டச்சு அமைச்சர் ஒருவர் 1944 மார்ச்சில் வானொலியில் பேசியதைக் கேட்டு, ஆன் ஃபிராங்க் தன் நாட்குறிப்பைப் புத்தகமாக்கும் எண்ணத்தோடு அந்த மே மாதம் தானே திருத்தி எழுதத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு 14 வயது. சில பகுதிகளை வெட்டினாள், சிலவற்றை விரித்தாள். நேரே நெஞ்சிலிருந்து வந்ததுபோல் நமக்குக் கேட்கும் அந்தக் குரலிலும் ஓர் எழுத்தாளரின் கைவேலை இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசி அத்தியாயத்தையும் எழுதிய பிறகு, முதல் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். அதை எழுதியபோது உங்களுக்கு அவளைத் தெரியாது, இப்போது தெரியும். என் கோல்கீப்பரின் முதல் வரைவு இப்படித்தான் தொடங்கியிருக்கும்: "எனக்கு 16 வயது, நான் எங்கள் பள்ளி அணியின் கோல்கீப்பர், எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்." மொத்தத்தையும் அடித்துவிட்டு அவளிடமே கேட்டால் அவள் வேறு மாதிரி தொடங்குவாள்:

"அக்கா வீட்டை விட்டுப் போன அன்று நான் மூன்று கோல் விட்டேன். மூன்றுக்கும் சரியான பக்கம்தான் பாய்ந்தேன்."